விளக்கும் 96 ஆடுகளும்

நான் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற கல்லூரியில், முதல் மாடியின் கிழக்குக் கோடியில் ஓர் அறை உண்டு. வாசலையொட்டிய சுவரில் ஒரு கருங்கல் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஓர் அறக்கட்டளையின் பெயரும் திறப்பு விழா நடந்த நாளும் பொன்னிற எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே, தையற்காரர் நேரில் வந்து அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த நீலத் துணி உறைக்குள், படிகங்களின் அணு அமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு அளந்தறியும் கருவி ஒன்று நிற்கிறது. அதற்கான விண்ணப்பத்தை எழுதியவன் நான். அறக்கட்டளை எங்களிடம் சொன்ன சொல் தவறவில்லை. கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுத்தது. கருவி வந்து முதல் மூன்று ஆண்டுகள் ஓய்வில்லாமல் ஓடியது. பக்கத்து மாவட்டக் கல்லூரிகளின் ஆய்வு மாணவர்கள்கூடத் தங்கள் மாதிரிகளைச் சிறு காகிதப் பொட்டலங்களில் மடித்து எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்து காத்திருப்பார்கள். நான்காம் ஆண்டுக் கோடையில் அதைக் குளிர்விக்கும் நீர்ச்சுற்று இயந்திரம் பழுதானது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் எக்ஸ்-கதிர்க் குழாயின் ஆயுளும் முடிந்துவிட்டது. புதுக் குழாயின் விலை எங்கள் துறைக்கு ஓராண்டு முழுவதற்கும் ஒதுக்கப்படும் ஆய்வகச் செலவைவிட அதிகம். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கல்லூரியிடம் பணமில்லை. பணம் கொடுத்தவர்களின் விதிகளிலோ பராமரிப்பு என்ற தலைப்பே இல்லை.

ஆய்வக உதவியாளர் அந்த உறையைத் தினமும் காலையில் தட்டித் துடைப்பார். துணியின் மேல் தூசு படிந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறையைப் பார்க்கும் போதெல்லாம், விண்ணப்பத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரு பக்கம் எனக்கு நினைவுக்கு வரும். முதல் ஆண்டைப் பற்றி நாற்பது பக்கங்கள் எழுதியிருந்தேன். ஐந்தாம் ஆண்டைப் பற்றி எவரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

அந்தக் குறை என் மனத்தில் தங்கிவிட்டதால்தான், அறிவியல் நிறுவனங்களுக்குத் தனியார் அறக்கட்டளைகள் பெருந்தொகை கொடுத்த வரலாற்றை ஓய்வுபெற்ற பிறகு ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். அதிலும் அமெரிக்கத் தொலைநோக்கிகளின் வரலாற்றில் இந்தக் கேள்வி மிகத் தெளிவாகத் தெரிகிறது. தொலைநோக்கி என்பது கட்டி முடித்ததும் வேலை முடிந்துவிடும் பொருள் அன்று. கட்டி முடித்த இரவில்தான் அதன் செலவே தொடங்குகிறது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதைக் கையெழுத்திடும் நாளிலேயே தீர்த்துக்கொண்ட கொடைகள் நிலைத்து நின்றன என்பதுதான் என் வாசிப்பின் சாரம். அதை எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கொடையை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வில்லியம் மைரன் கெக் என்பவர் 1921இல் கலிஃபோர்னியாவில் சுப்பீரியர் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தைத் தொடங்கினார். 1954இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். பத்தாண்டுகள் கழித்து, 1964இல் மறைந்தார். 1984இல் மோபில் நிறுவனம் சுப்பீரியர் ஆயிலைச் சுமார் 570 கோடி டாலருக்கு வாங்கியபோது, அந்த நிறுவனத்தின் பங்குகளால் வளர்ந்த அறக்கட்டளையின் கையிருப்பும் பெருகியது. அதற்கு அடுத்த ஆண்டே, நிறுவனரின் மகன் ஹோவர்ட் கெக்கின் தலைமையில், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்கு, அதாவது எல்லோரும் கால்டெக் என்று அழைக்கும் நிறுவனத்துக்கு, 7 கோடி டாலர் வழங்குவதாக அறிவித்தது. 10 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி ஒன்றை ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையுச்சியில், 4,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைப்பதற்கு அந்தப் பணம். ஒரு தனி அறிவியல் கருவிக்காக ஒரு தனியார் அறக்கட்டளை அதுவரை இவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்ததாக நான் படித்ததில்லை.

ஆனால் இந்தத் தொலைநோக்கி கால்டெக்கில் பிறந்த எண்ணம் அன்று. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வானியலாளர்கள் 1970களின் பிற்பகுதியிலேயே அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அப்போது இளைஞராக இருந்த ஜெர்ரி நெல்சன், பத்து மீட்டர் அகலத்துக்கு ஒரே கண்ணாடியை வார்த்தால் அது தன் எடையாலேயே வளைந்து போகும் என்றும், அதற்குப் பதிலாகப் பல சிறு துண்டுகளைத் தேனடைபோல அடுக்கி ஒரே பரப்பாகச் செயல்பட வைக்கலாம் என்றும் வாதாடினார். பலர் நம்பவில்லை. நம்பாததில் நியாயமும் இருந்தது. அப்படி ஒன்றை அந்த அளவில் எவரும் அதற்கு முன்பு செய்து பார்த்திருக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முதலில் முன்வந்த கொடையாளர் வேறொருவர். ஐரோப்பியக் கார்களை அமெரிக்காவில் இறக்குமதி செய்து பெரும் செல்வம் ஈட்டிய மேக்ஸ் ஹாஃப்மனின் மனைவி மேரியன், மறைந்த தம் கணவரின் பெயரில் தொலைநோக்கி அமைய 3.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார். அதன்பின் விரைவிலேயே அவரும் காலமானார். அந்தத் தொகை முழுச் செலவுக்குப் போதாது. மிச்சத்துக்காகப் பல்கலைக்கழகம் கால்டெக்கைத் துணைக்கு அழைத்தது. கால்டெக் கெக் அறக்கட்டளையிடம் சென்றது. அங்கே கிடைத்ததோ முதல் கொடையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு தொலைநோக்கிக்கு இரண்டு பெயர்கள் வைக்க முடியாது. பெரும்பங்கு கொடுத்தவரின் பெயரைத்தான் அது தாங்கும் என்று ஆனபோது, ஹாஃப்மன் நிதி திட்டத்திலிருந்து விலகிப் போனது. கணவரின் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஒரு மூதாட்டி தம் இறுதி நாட்களில் கையெழுத்திட்டதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பெயர் என்பது கொடையின் மேல் ஒட்டிய வெறும் அலங்காரம் அன்று. கொடுப்பவர் பலருக்கு அதுவே கொடுப்பதன் காரணம். அதை இழிவாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் பெயர் தாங்கக்கூடிய பொருளுக்கு மட்டுமே பணம் வருகிறது என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கட்டடத்துக்குப் பெயர் வைக்கலாம், கருவிக்குப் பெயர் வைக்கலாம்; மின்கட்டணத்துக்கு எவர் பெயரை வைப்பது?

கெக் திட்டத்தில் இந்தக் கேள்விக்கு விடை காணப்பட்ட முறையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கால்டெக் சிறிய தனியார் நிறுவனம். அதற்குப் பெருஞ்செல்வர்களிடம் செல்வாக்கு உண்டு, ஆனால் ஆண்டுதோறும் பெரும் செலவைச் சுமக்கும் வலு குறைவு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் மாநில அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறும் பொது நிறுவனம். ஒரே தவணையில் கோடிகளைத் திரட்டுவது அதற்குக் கடினம், ஆனால் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கிக்கொண்டே இருக்க அதனால் முடியும். எனவே கட்டுமானத்துக்கான மூலதனத்தைக் கெக் பணத்தைக் கொண்டு கால்டெக் தருவது, அதற்கு ஈடாக முதல் 25 ஆண்டுகளின் இயக்கச் செலவைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் ஏற்பது, வான்நோக்கும் இரவுகளை இரு நிறுவனங்களும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது, மலையைத் தன் பொறுப்பில் வைத்திருந்த ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு இடத்துக்கு ஈடாக ஒரு பங்கு இரவுகளைக் கொடுப்பது என்று உடன்பாடு எழுதப்பட்டது. இதற்கென்றே இலாப நோக்கற்ற தனிச் சங்கம் ஒன்றும் 1985இல் அமைக்கப்பட்டது. கண்ணாடி உருகத் தொடங்குவதற்கு முன்பே, கால் நூற்றாண்டுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள், யார் மின்சாரத்துக்குப் பணம் கட்டுவார்கள், யார் அந்த மலைப்பாதையில் பனியை அகற்றுவார்கள் என்பது தாளில் இருந்தது. அந்தக் காலக்கெடு 2018இல் முடிந்தபோது, இரு நிறுவனங்களும் செலவைச் சமமாகப் பகிரும் ஏற்பாட்டுக்கு மாறின.

பணம் எதற்கெல்லாம் போனது என்பதையும் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். ஆடியில் அறுகோணத் துண்டுகள் 36, ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் அகலம், 75 மில்லிமீட்டர் தடிமன், சுமார் 400 கிலோ எடை. வெப்பத்தில் விரியாத தனிவகைக் கண்ணாடிப் பீங்கானால் அவை செய்யப்பட்டன. சிக்கல் என்னவென்றால், இந்தத் துண்டுகள் எவையும் வட்டக்கிண்ணம் போன்ற எளிய வளைவு கொண்டவை அல்ல. ஒரு பெரிய அதிபரவளையப் பரப்பிலிருந்து வெட்டியெடுத்த பகுதிகள் என்பதால், மையத்திலிருந்து விலக விலக வளைவு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். அப்படிக் கோணலான பரப்பை நேரடியாகத் தேய்த்து உருவாக்குவது மிகக் கடினம். நெல்சனும் அவர் குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். வட்டமான கண்ணாடித் தட்டின் ஓரங்களில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, கணக்கிட்ட அளவில் அதை முறுக்குவது. முறுக்கிய நிலையில் எளிய கோள வளைவாகத் தேய்ப்பது. பிறகு எடைகளை அவிழ்ப்பது. கண்ணாடி தன் பழைய நிலைக்குத் திரும்பும்போது, வேண்டிய கோணல் தானாகவே வந்துவிடும். கேட்கும்போது எளிமையாக இருக்கிறது. ஆனால் வட்டத்தை அறுகோணமாக வெட்டியதும் உள்ளழுத்தம் மாறிக் கண்ணாடி மீண்டும் சிறிது நெளிந்தது. அதைத் திருத்த ஒவ்வொரு துண்டின் முதுகிலும் வில்கள் பொருத்தினார்கள். அதற்கும் அடங்காத பிழைகளை வெற்றிட அறையில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, அணு அணுவாகச் செதுக்கி எடுத்தார்கள்.

துண்டுகள் மலையேறிய பிறகு அவற்றை ஒரே ஆடியாக நிற்க வைப்பது அடுத்த வேலை. அண்டைத் துண்டுகளின் விளிம்புகளுக்கு இடையிலுள்ள உயர வேறுபாட்டை அளக்க 168 உணரிகள். ஒவ்வொரு துண்டையும் மூன்று இடங்களில் தாங்கி நுண்ணளவில் ஏற்றி இறக்க 108 இயக்கிகள். ஒரு நொடிக்கு இருமுறை இவை எல்லாம் சேர்ந்து துண்டுகளைத் தலைமுடித் தடிமனின் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்குள் சீர்செய்துகொண்டே இருக்கின்றன. 1990 நவம்பரில் ஒன்பது துண்டுகளை மட்டும் பொருத்தி முதல் படத்தை எடுத்தார்கள். முப்பத்தாறும் நிறைந்தது 1992 ஏப்ரலில். முதல் தொலைநோக்கி முழுமை பெறும் முன்பே அதன் இரட்டைக்கும் கெக் அறக்கட்டளை பணம் ஒதுக்கிவிட்டது. அது 1996இல் இயங்கத் தொடங்கியது. இரண்டுக்குமாக அறக்கட்டளை கொடுத்தது 14 கோடி டாலருக்கு மேல்.

இந்த இயந்திரத்தில் எது கட்டுமானம், எது பராமரிப்பு என்று கோடு போட்டுப் பிரிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் பூசப்பட்ட அலுமினியப் படலம், எரிமலைத் தூசியாலும் ஈரத்தாலும் மங்கிக்கொண்டே வரும். எனவே சில துண்டுகளைக் கழற்றி, மாற்றுத் துண்டுகளை அவற்றின் இடத்தில் வைத்து, பழைய படலத்தைக் கரைத்து நீக்கிப் புதிதாகப் பூசி மீண்டும் ஏற்றும் வேலை சுழற்சியாக நடந்தாக வேண்டும். உணரிகள் பழையனவாகும், இயக்கிகளில் எண்ணெய் கசியும், கணிப்பொறிகள் பத்தாண்டில் வழக்கொழியும். ஒளியை வாங்கிப் பகுக்கும் கருவிகளைப் புதுப்பிக்காவிட்டால், ஆடி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. அமெரிக்க வானியலாளர் ஆண்ட்ரியா கெஸ் நம் பால்வீதியின் மையத்தைச் சுற்றி ஓடும் விண்மீன்களை 1995 முதல் ஆண்டுக்கணக்கில் இதே மலையிலிருந்து பின்தொடர்ந்து, அங்கே சூரியனைப் போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று ஒளிந்திருப்பதைக் காட்டி, 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஆய்வின் உயிர் அதன் நீளத்தில் இருந்தது. நான்காம் ஆண்டில் குளிர்விப்பான் பழுதாகிக் கருவி உறைக்குள் போயிருந்தால், அந்த விண்மீன்கள் தங்கள் சுற்றில் கால்வாசியைக்கூட நமக்குக் காட்டியிருக்க மாட்டா.

இந்த முன்யோசனை கெக் காலத்தில் தோன்றியதன்று. 1928இல் வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல் 200 அங்குலத் தொலைநோக்கிக்காக ராக்ஃபெல்லர் செல்வத்தில் இயங்கிய பன்னாட்டுக் கல்வி வாரியத்தை அணுகியபோது, அதன் தலைவராக இருந்த விக்லிஃப் ரோஸ் கால்டெக்குக்கு 60 லட்சம் டாலர் தர இசைந்தார். ஆனால் கட்டி முடித்த பின் அதை நடத்தும் செலவுக்குக் கால்டெக்கே நிதி காண வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். லாஸ் ஏஞ்சலீசின் வங்கியாளரும் கால்டெக்கின் அறங்காவலருமான ஹென்றி ராபின்சன் அந்தப் பொறுப்புக்கு உறுதிமொழி கொடுத்த பிறகே காரியம் நகர்ந்தது. இந்தக் கொடையில் நான் கவனித்த மற்றொரு நல்ல கூறு, தோல்விக்கும் அதில் இடம் இருந்தது என்பது. ஆடியை முதலில் உருக்கிய படிகக்கல்லில் செய்யலாம் என்று முயன்று, சுமார் 6 லட்சம் டாலர், அதாவது மொத்தக் கொடையில் பத்தில் ஒரு பங்கு, வீணானது. கொடையாளர்கள் கணக்கைக் காட்டிக் கைகழுவிவிடவில்லை. வேலை கார்னிங் கண்ணாடி ஆலைக்குப் போனது. அங்கும் 1934 மார்ச்சில் வார்த்த முதல் வட்டு, அச்சின் உட்பகுதிகள் பெயர்ந்து மிதந்ததால் கெட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வார்த்த இரண்டாம் வட்டைத்தான் மாதக்கணக்கில் மெல்ல ஆறவிட்டு எடுத்தார்கள். நடுவில் உலகப் போர் வந்து வேலை நின்றது. கொடை அறிவிக்கப்பட்ட இருபதாம் ஆண்டில், 1948 ஜூன் 3 அன்று, பாலமார் மலையில் அதைத் திறந்தபோது ஹேல் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. இன்றும் அந்தத் தொலைநோக்கி இரவுதோறும் வேலை செய்கிறது.

டெட்ராய்ட் வட்டாரத்தின் கிரெஸ்கி அறக்கட்டளையைப் பற்றியும் ஒரு சொல். மலிவு விலைக் கடைகளால் வளர்ந்த செபாஸ்டியன் கிரெஸ்கி 1924இல் நிறுவிய அது, பல பத்தாண்டுகள் கட்டடங்களுக்கே பெரும்பாலும் பணம் கொடுத்தது. நிறுவனம் தன் பங்கைக் குறித்த நாளுக்குள் திரட்டினால்தான் கிரெஸ்கியின் பணம் வரும் என்ற நிபந்தனையால் ஊராரையும் கொடுக்க வைத்தது. 1980களின் இறுதியில் கல்லூரிகளின் அறிவியல் கருவிகளுக்காகத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, கருவி வாங்கப் பணம் கொடுத்ததோடு நிற்காமல், அந்தக் கருவிகளைப் பராமரிக்கவும் காலாவதியானால் மாற்றவும் கல்லூரி ஒரு நிரந்தர வைப்பு நிதியைத் திரட்ட வேண்டும் என்று கேட்டது. இதைப் படித்த அன்று, எங்கள் முதல் மாடியின் கிழக்குக் கோடியை நினைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊருக்கு இது புதிய எண்ணமும் அன்று. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்குத் தண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு விளக்கு எரியத் தினமும் ஓர் உழக்கு நெய் வேண்டும், அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு எழுதியிருக்கிறது. ஆடுகளை எந்த இடையர் பொறுப்பில் விட்டார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது இடையரின் கடமை என்பதால், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடுகள்’ என்று கல்வெட்டுகள் அழைக்கின்றன. அறக்கட்டளை என்று நாம் இன்று சொல்லும் சொல்லுக்குள் இருக்கும் ‘கட்டளை’யும், இன்ன வருவாயிலிருந்து இன்ன பூசை நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் அந்தக் கோயில் வழக்கிலிருந்து நமக்குப் பழக்கமானதுதான். ஜம்சேட்ஜி டாட்டா பெங்களூர் அறிவியல் கழகத்துக்காகப் பம்பாயிலிருந்த 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை ஒதுக்கியபோதும், அவற்றின் ஆண்டு வருமானம் கழகத்தை நடத்த வேண்டும் என்பதே ஏற்பாடு. நிலம் மைசூர் அரசிடமிருந்து வந்தது.

அறக்கட்டளைகளின் தரப்பையும் நான் மறுக்கவில்லை. அமெரிக்கச் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளை தன் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட வேண்டும். அந்த 5 விழுக்காட்டைப் பழைய கொடைகளின் சம்பளத்துக்கும் மின்சாரத்துக்குமே கட்டிப்போட்டுவிட்டால், புதிதாக ஒரு ஜெர்ரி நெல்சன் வந்து கதவைத் தட்டும்போது கொடுக்கக் கையில் ஒன்றும் இராது. எவரும் துணியாத எண்ணத்துக்கு முதல் பணத்தைத் துணிந்து போடுவதுதான் தனியார் கொடையின் தனிச்சிறப்பு. அரசு அதைச் செய்யத் தயங்கும், சந்தை செய்யவே செய்யாது. ஆகவே அறக்கட்டளை காலமெல்லாம் செலவைத் தாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யார் தாங்கப்போகிறார் என்று கேட்டு, பெயரும் தொகையும் எழுதிய தாளைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே காசோலையில் கையெழுத்திட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ரோஸ் 1928இல் கேட்டது அதைத்தான்.

தாளில் எழுதித் தீர்க்க முடியாதவையும் உண்டு. இன்டெல் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கோர்டன் மூரும் அவர் மனைவி பெட்டியும் 2000இல் நிறுவிய அறக்கட்டளை, கெக்கின் அதே தேனடை முறையில் 492 துண்டுகள் கொண்ட முப்பது மீட்டர்த் தொலைநோக்கிக்காக 2007இல் 20 கோடி டாலர் உறுதியளித்தது. இந்தியாவும் அதில் பங்காளி. துண்டுகளின் விளிம்பை அளக்கும் உணரிகளைச் செய்யும் பொறுப்புக்குப் புதுச்சேரியில் ஓர் ஒளியியல் ஆலை தயாரானது. ஆனால் அதற்கென்று தேர்ந்தெடுத்த மௌனா கியா ஹவாய்ப் பழங்குடியினருக்குப் புனித மலை. ஏற்கெனவே அங்கே பல தொலைநோக்கிகள் எழுந்த விதத்தில் அவர்களுக்கு இருந்த மனக்குறை ஆண்டுகளாகத் திரண்டு, 2015இல் வேலையை நிறுத்தியது. 2019இல் மூத்தோர் மலைப்பாதையின் குறுக்கே அமர்ந்து மீண்டும் நிறுத்தினார்கள். இன்றுவரை அந்த மலையில் அது எழவில்லை. கெக் உடன்பாட்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு இரவுகள் கிடைத்தன. மலையை வணங்கியவர்களுக்கு என்ன என்று அன்று எவரும் தாளில் எழுதவில்லை. அந்தப் பாக்கி முப்பது ஆண்டுகள் கழித்து வேறொரு அறக்கட்டளையின் வாசலில் வந்து நின்றது.

போன மாதம் எங்கள் துறையின் பழைய மாணவர்கள் சிலர் எனக்கு எழுதியிருந்தார்கள். வெளிநாடுகளிலும் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருக்கும் அவர்கள், ஒரு குழுவாகச் சேர்ந்து துறைக்கு ஓர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வாங்கித் தர நினைக்கிறார்கள். தங்கள் மறைந்த ஆசிரியர் ஒருவரின் பெயரை அந்த அறைக்கு வைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அன்பு மிகுந்த கடிதம். நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு பதில் எழுதினேன். கருவியின் விலைக்குக் கீழே நான்கு வரிகள் சேர்த்தேன்: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், எலெக்ட்ரான் இழையும் வெற்றிடப் பம்புக்கான எண்ணெயும், தடையில்லா மின்கருவிக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிய பேட்டரிகள், கருவியை இயக்கத் தெரிந்த ஒருவருக்கு மாதச் சம்பளம். இவற்றைக் கூட்டி, அந்தத் தொகையை வட்டியாகத் தரக்கூடிய வைப்பு நிதி எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டுக் காட்டினேன். வைப்பு நிதி கருவியின் விலையைவிடப் பெரிதாக வந்தது. எனவே பாதி விலையில் கிடைக்கும் மேசைமேல் வைக்கும் சிறிய நுண்ணோக்கி ஒன்றின் விவரத்தையும் இணைத்து, அதற்கான வைப்பு நிதிக் கணக்கைத் தனித் தாளில் எழுதி அனுப்பினேன்.

நேற்று அவர்களுள் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. சிறிய கருவிக்கே சம்மதம் என்றும், ஆசிரியரின் பெயரை அறைக்கு வைப்பதா, வைப்பு நிதிக்கு வைப்பதா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.